ப்ரோஸ் அண்ட் கான்ஸ்: எண்ணாதீங்க, எடை போடுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தியிருக்கிறோம்.)

 

இந்த வாரம் ஒரு சின்ன இங்கிலீஷ் சொற்றொடரைப் பத்திப் பேசப் போறோம்: 'ப்ரோஸ் அண்ட் கான்ஸ்'. ஆபீஸ்ல மெயில் எழுதுறவங்க, காலேஜ்ல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுறவங்க, வெளிநாட்டுப் படிப்புக்கு இங்கிலீஷ் டெஸ்ட் எழுதப் போறவங்க, யாருமே இதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு முடிவு எடுக்கணும், அதனால வரப்போற நல்லது கெட்டது ரெண்டையும் பாக்கணும்னா உடனே கை தானா இந்த மூணு வார்த்தையை டைப் பண்ணிடும்.

நேயர்கள்கிட்ட இருந்து வந்த கேள்வி இது: "அதுல எஸ்ஸுக்கு முன்னாடி அபாஸ்ட்ரஃபி வருமா?"

வராது. அவ்வளவுதான் பதில். எபிசோட் முடிஞ்சுது, போய்ட்டு வாங்கன்னு சொல்லிடலாம். ஆனா இந்தச் சொற்றொடரை ஸ்பெல்லிங், கிராமர் எல்லாம் பக்காவா வெச்சு எழுதிட்டு, அர்த்தத்துல மொத்தமா தப்பாப் பயன்படுத்த முடியும். நான் தினமும் படிக்கிற டாக்குமெண்டுகள்ல பாதி அப்படித்தான் இருக்கு. அதனால இன்னிக்கு ரெண்டையும் பாப்போம். முதல்ல எழுத்து, அப்புறம் அர்த்தம்.

முதல்ல கிராமரை முடிச்சிடுவோம்

'ப்ரோ' ஒருமை, 'ப்ரோஸ்' பன்மை. 'கான்' ஒருமை, 'கான்ஸ்' பன்மை. பன்மைக்கு அபாஸ்ட்ரஃபி தேவையில்ல. பி, ஆர், ஓ, எஸ். அப்புறம் சி, ஓ, என், எஸ். முடிஞ்சுது.

கடைசியில ஒரு 'ஈ' சேர்த்துடாதீங்க. அப்படிச் சேர்த்தா அது உரைநடைங்கிற அர்த்தம் வர்ற வேற வார்த்தை. ரெண்டுக்கும் உச்சரிப்பு ஒண்ணுதான், அதுவும் ஒரு முறையான இங்கிலீஷ் வார்த்தைதான், அதனால ஸ்பெல் செக்கர் சிவப்புக் கோடு போடும்னு நம்பி இருக்க முடியாது.

அடுத்தது வினைச்சொல். 'வெய்' த ப்ரோஸ் அண்ட் கான்ஸ். எடை போடுறதுங்கிற வினை இது. கடைசியில 'டி' சேர்த்தா 'வெயிட்'னு பெயர்ச்சொல் ஆயிடும், எடைன்னு அர்த்தம். "வீ வெயிட் த ப்ரோஸ்"னு எழுதினா, "நாங்க சாதகங்களை எடை"ன்னு தமிழ்ல எழுதின மாதிரி, வாக்கியம் பாதியில நிக்கும். அதே மாதிரி, பாதைங்கிற அர்த்தம் வர்ற 'வே'யும் இது இல்ல.

அப்புறம் அந்தச் சின்ன இணைப்புச் சொல். நாம தமிழ்ல "அதைப் பத்தி"ன்னு யோசிக்கிறதால "ப்ரோஸ் அண்ட் கான்ஸ் அபவுட்"னு வந்துடுது. இங்கிலீஷ்ல அது 'ஆஃப்'. எதோட சாதக பாதகமோ, அது 'ஆஃப்'க்கு அப்புறம் வரணும். வினையா இருந்தா 'இங்' சேர்த்து: 'ஆஃப் மூவிங்', 'ஆஃப் ஹையரிங்'. ப்ரோஸ் அண்ட் கான்ஸ் பன்மைங்கிறதால பின்னாடி 'ஆர்' வரும், 'இஸ்' வராது.

'கான்'ங்கிறதைத் தனியா எழுதும்போது கொஞ்சம் கவனமா இருங்க. ஏமாத்துறதுக்கும் அந்த வார்த்தைதான், ஜெயிலுக்குப் போனவருக்கும் அந்த வார்த்தைதான். 'ப்ரோ'ன்னா தொழில்ல கெட்டிக்காரர்னும் அர்த்தம் உண்டு, நம்ம பசங்களுக்கு 'அண்ணே'ன்னும் அர்த்தம் உண்டு. ஜோடியா வரும்போது பிரச்சினை இல்ல. தனியா ஒண்ணைச் சொல்லணும்னா 'அட்வான்டேஜ்', 'ட்ராபேக்'னு எழுதிட்டுப் போறது நல்லது. ஆராய்ச்சிக் கட்டுரை, சட்டப் பத்திரம் மாதிரி இறுக்கமான இடங்கள்லயும் அப்படித்தான். மெயிலுக்கும் டிசைன் டாக்குமெண்டுக்கும் 'ப்ரோஸ் அண்ட் கான்ஸ்' தாராளமா ஓகே.

கடைசியா ஒண்ணு. லிஸ்ட்டா எழுதும்போது எல்லா வரியும் ஒரே அச்சுல இருக்கட்டும். முதல் வரி "செலவு குறையும்", ரெண்டாவது வரி "வேகம்", மூணாவது வரி "யூசர்ஸ் இதைத்தான் கேட்டாங்கன்னு நினைக்கிறேன்"னு போச்சுன்னா, படிக்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் கியர் மாத்தணும். "செலவு குறையும், வேகம் கூடும், யூசர் புகார்கள் குறையும்." இப்ப மூணையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட முடியும். லிஸ்ட் போடுறதே ஒப்பிடத்தானே?

கிராமர் இவ்வளவுதான்.

இந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சு?

இது லத்தீன். 'ப்ரோ'ன்னா ஆதரவா. 'கான்ட்ரா'ன்னா எதிரா. 'கான்ட்ரா'வோட வாலை வெட்டினா 'கான்'. நம்ம புதுச்சேரிக்காரங்களுக்கு இது ரொம்பப் புதுசு இல்ல. பிரெஞ்சுல 'லு பூர் எ லு கோந்த்ர்'னு சொல்லுவாங்க. அதே ரெண்டு வார்த்தைகளோட பிரெஞ்சு வடிவம். லீசேல படிச்ச பசங்களைக் கேளுங்க, கட்டுரை எழுதச் சொன்னா முதல்ல இதுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க.

நான் இருக்கிறது வீராம்பட்டினம். இங்க இருந்து சைக்கிள் மிதிச்சாப் போயிடலாம், அரியாங்குப்பம் ஆத்தங்கரையில அரிக்கமேடு. 1945ல மார்ட்டிமர் வீலர் அங்க தோண்டினப்போ இத்தாலியில செஞ்ச மண்பாண்டத் துண்டுகள் கிடைச்சுது. சிலதுல, செஞ்சவரோட பேர் லத்தீன் எழுத்துல முத்திரையா குத்தியிருந்துச்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே லத்தீன் எழுத்து இந்த ஆத்தங்கரைக்கு வந்திருக்கு. அதனால 'ப்ரோ', 'கான்ட்ரா'ங்கிற வார்த்தைகளை ஏதோ அமெரிக்க மேனேஜர்கள் கண்டுபிடிச்சதா நினைக்க வேண்டாம். சுத்தி வளைச்சுப் பாத்தா நமக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

தமிழ்ல இதுக்குச் 'சாதக பாதகம்'. 'நிறை குறை'ன்னும் சொல்றோம், 'லாப நஷ்டம்'னும் சொல்றோம். வீட்ல பெரியவங்ககிட்ட "சாதகம் பாத்து முடிவு பண்ணலாம்"னு மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க பெட்டியில இருந்து கட்டம் போட்ட நோட்டை எடுத்துட்டு வந்துடுவாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது தமிழ்ல இதோட வர்ற வினைச்சொல்தான். சாதக பாதகங்களைச் 'சீர்தூக்கிப் பார்ப்பது'. தூக்குறதுன்னா எடை போடுறது. தராசைத் தூக்கிப் பிடிச்சு, முள்ளு நடுவுல நிக்கிற வரைக்கும் காத்திருந்து பாக்குறது. இங்கிலீஷ்ல 'வெய்', பிரெஞ்சுல 'பெஸே', தமிழ்ல 'சீர்தூக்கு'. மூணுமே எடை போடச் சொல்லுது. ஒரு மொழியும் "சாதகங்களை எண்ணிப் பார்"னு சொல்லல.

இந்த ஒரு இடத்துலதான் நம்மள்ல நிறையப் பேர் சறுக்குறோம்.

எண்ணுறது வேற, எடை போடுறது வேற

ஒரு டிசைன் டாக்குமெண்ட் ரிவ்யூவுக்கு வந்துச்சு. எந்தக் கம்பெனி, எந்த டீம்னு சொல்லப் போறதில்ல. பணப் பரிவர்த்தனைப் பதிவுகளைப் பழைய டேட்டாபேஸ்ல இருந்து புதுசுக்கு மாத்துற விஷயம். ப்ரோஸ்னு ஏழு வரி. கான்ஸ்னு ரெண்டு வரி. முதல் கான், டீம் புதுசா ஒரு டூல் கத்துக்கணும். ரெண்டாவது கான், மாத்தின பிறகு பிரச்சினை வந்தா பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. கீழ முடிவு: "ப்ரோஸ் ஆர் மோர் தன் த கான்ஸ், ஸோ வீ கேன் ப்ரொசீட்."

கிராமர் சரி. ஸ்பெல்லிங் சரி. அபாஸ்ட்ரஃபி இல்ல. ஆனா வாக்கியம் தப்பு.

ஏன்? ஏழு பெரிசா, ரெண்டு பெரிசான்னு எண்ணியிருக்காங்க. அந்த ஏழுல ஒண்ணு "டேஷ்போர்டு பாக்க நல்லா இருக்கும்". அது ஒரு வரி. "திரும்ப முடியாது"ங்கிறதும் ஒரு வரி. டாக்குமெண்ட்ல ரெண்டும் ஒரே சைஸ் புல்லட் பாயிண்ட். ஆனா ஒண்ணு நெத்திலி, இன்னொண்ணு வஞ்சிரம்.

எங்க ஊர்க் கரையில நிக்கிற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்ல. ஒரு கூடையில நூறு நெத்திலி, இன்னொரு கூடையில ஒரே ஒரு வஞ்சிரம். எண்ணிக்கையில நெத்திலி ஜெயிச்சிடுச்சுன்னு அதுக்கு அதிகமா ஏலம் கேட்பாங்களா?

எண்ண வேண்டிய இடமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 1954 அக்டோபர் 18. கீழூர். பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் இந்தியாவோட சேரலாமா வேண்டாமான்னு மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டு போட்டாங்க. சேரலாம்னு 170, வேண்டாம்னு 8. அதுவும் ப்ரோ, கான்ட்ரா தான். ஆனா அங்க எண்ணித்தான் ஆகணும், ஏன்னா ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே எடைன்னு முதல்லயே ஒத்துக்கிட்டுத்தான் தேர்தலுக்குள்ளயே வர்றோம். காரணங்களுக்கு அந்த ஒப்பந்தம் கிடையாது. ஒவ்வொரு காரணத்தோட எடையும் வேற.

சரி, எடை போடுறதுன்னா எப்படி? இதுக்கு ஒரு பழைய ரெசிபி இருக்கு. 1772ல ஜோசப் ப்ரீஸ்ட்லிங்கிற விஞ்ஞானிக்கு ஒரு வேலை வாய்ப்பு வந்துச்சு. லார்ட் ஷெல்பர்ன்ங்கிற பிரபுகிட்ட நூலகராப் போறதா, இருக்கிற இடத்துலயே இருக்கிறதான்னு அவருக்குக் குழப்பம். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின்கிட்ட ஆலோசனை கேட்டார். செப்டம்பர் 19ஆம் தேதி ஃப்ராங்க்ளின் பதில் எழுதினார். எனக்கு முழு விவரம் தெரியாததால, என்ன முடிவு எடுக்கணும்னு சொல்ல முடியாது, எப்படி முடிவெடுக்கணும்னு வேணா சொல்றேன்னு ஆரம்பிச்சு, தன்னோட முறையை விளக்கினார்.

ஒரு தாள். நடுவுல ஒரு கோடு. ஒரு பக்கம் ப்ரோ, ஒரு பக்கம் கான். ஒரே உட்கார்ல எழுதி முடிக்கக் கூடாது. மூணு நாலு நாள் அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, தோணும்போதெல்லாம் சுருக்கமாக் குறிச்சு வைக்கணும். ஏன்னா ஒரு நாள் நல்ல காரணம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மறுநாள் கெட்டது மட்டும்தான் தெரியும். எல்லாம் எழுதின பிறகு எடை பாக்கணும். இந்தப் பக்கம் ஒண்ணும் அந்தப் பக்கம் ஒண்ணும் சம எடையா இருந்தா ரெண்டையும் அடிச்சிடணும். இங்க இருக்கிற ஒரு காரணம் அங்க இருக்கிற ரெண்டுக்குச் சமம்னா மூணையும் அடிச்சிடணும். கடைசியில எந்தப் பக்கம் மிச்சம் இருக்குன்னு பாக்கணும். அதுக்கப்புறமும் ஒண்ணு ரெண்டு நாள் பொறுத்து, புதுசா எதுவும் தோணலைன்னா முடிவு.

நம்ம ஊர்ல இதுக்குப் பேர் கூட்டிக் கழிச்சுப் பாக்குறது. நம்மள்ல பல பேர் லிஸ்ட்டைக் கூட்டுறதோட நிறுத்திடுறோம். கழிக்கிறதில்ல. ப்ரீஸ்ட்லி அடுத்த வருஷம் அந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்ங்கிறது கூடுதல் தகவல்.

யாருக்கு ப்ரோ, யாருக்கு கான்?

ஃப்ராங்க்ளின் முறை ஒரு தனி மனுஷன் தனக்காக முடிவெடுக்க நல்லா வேலை செய்யும். ஆனா நாம எழுதுற டாக்குமெண்ட் பெரும்பாலும் நமக்கு மட்டும் ஆனது இல்ல. அங்க இன்னொரு கேள்வி வருது. இதைப் புரிஞ்சுக்க எங்க ஊர்க் கடற்கரையே போதும்.

1980களோட கடைசியில அரியாங்குப்பம் ஆறு கடல்ல சேர்ற இடத்துல புதுச்சேரித் துறைமுகத்தைக் கட்டினாங்க. முகத்துவாரம் மணல்ல அடைபடாம இருக்க, ரெண்டு பக்கமும் கருங்கல் கொட்டி அலைத் தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள்ள நீட்டினாங்க. இப்ப நம்ம கடலைப் பத்தி ஒரு விஷயம். நமக்கு நிலையாத் தெரியுற கடற்கரை உண்மையில நடந்துக்கிட்டே இருக்கு. வருஷத்துல அதிக மாசம் அலை தெற்குல இருந்து சாய்வா வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காத்து நேரத்துல கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழிச்சா மணல் வடக்கு நோக்கித்தான் போகுது. அந்த வழியில குறுக்கே ஒரு சுவர் வந்தா என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே, அலை எடுத்துட்டுப் போன மணலுக்குப் பதில் மணல் வராது.

சுவருக்குத் தெற்கே இருக்கிறது நாங்க, வீராம்பட்டினம். எங்க பக்கம் மணல் சேர்ந்துச்சு. சுவருக்கு வடக்கே புதுச்சேரி நகரம். கடற்கரைச் சாலை ஓரத்துல இருந்த மணல் போச்சு, பாறாங்கல் கொட்டிச் சாலையைக் காப்பாத்த வேண்டியதாச்சு. கல் கொட்டின இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்துச்சு. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர்னு மீனவக் கிராமங்கள் வரிசையா கரையை இழந்துச்சு. அதையும் தாண்டி தமிழ்நாட்டுக்குள்ள பொம்மையார்பாளையம் பக்கம் வரைக்கும் போச்சு. மீனவருக்குக் கரைங்கிறது வேடிக்கை பாக்குற இடம் இல்ல. படகை ஏத்தி வைக்க, வலையை உலர்த்தி ஒட்டுப்போட, கரைவலை இழுக்க, மீன் காய வைக்க அந்த மணல் வேணும். கல்லு மேல கரைவலை இழுக்க முடியாது.

இப்ப இந்தத் துறைமுகத்துக்கு ஒரு ப்ரோஸ் அண்ட் கான்ஸ் லிஸ்ட் எழுதுங்க. "கரையில மணல் அளவு மாறும்"ங்கிற வரியை எந்தப் பக்கம் எழுதுவீங்க? ஒரே சுவர், ஒரே மணல். எங்க தெருவுல அது ப்ரோ. அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி வடக்கே அதுவே கான். "ப்ரோஸ் அண்ட் கான்ஸ் ஆஃப் பில்டிங் த ஹார்பர்"னு மட்டும் எழுதினா, கிராமர்படி முழு வாக்கியம். அர்த்தப்படி அரை வாக்கியம். 'யாருக்கு' அப்படிங்கிற வார்த்தை அதுல இல்ல.

இன்னொரு விஷயமும் இதுல இருக்கு, சாஃப்ட்வேர்காரங்க காதைக் கொஞ்சம் தீட்டிக்கோங்க. இப்படி அரிப்பு வரலாம்னு இன்ஜினியர்களுக்குத் தெரியாம இல்ல. தெற்கே சேர்ற மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்க் கொட்டணும்ங்கிறது அப்பவே பேசப்பட்ட தீர்வுதான். அதாவது கான் பக்கத்துல ஒரு வரி, அதுக்கு எதிர்ல "இதுக்கு வழி இருக்கு"ன்னு ஒரு குறிப்பு. ஆனா அந்த வேலை ஒரு தடவை செஞ்சாப் போதாது, வருஷா வருஷம் செய்யணும். வேண்டிய அளவுக்கு அது தொடர்ந்து நடக்கல. நம்ம டாக்குமெண்ட்ல "இதை ஒரு கிரான் ஜாப் பாத்துக்கும்"னு எழுதிட்டு, அந்த ஜாபை யார் ஓட்டுறது, நின்னு போனா யாருக்கு அலர்ட் போகும்னு எழுதாம விடுறோமே, அதே கதை. தீர்வு எழுதியாச்சுன்னு அந்தக் கானை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடக் கூடாது. தீர்வு நிஜமா ஓடினா மட்டும்தான் எடை குறையும்.

2018ல தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கடலுக்குள்ள இரும்பால ஒரு செயற்கைத் திட்டு அமைச்சுது. அதுக்கப்புறம் அந்த இடத்துல மணல் திரும்ப வந்து, இன்னிக்கு சாயங்காலம் நீங்க செல்ஃபி எடுக்கிற கடற்கரை உருவாச்சு. சந்தோஷம். சுவர் கட்டி ஏறத்தாழ முப்பது வருஷம் கழிச்சு.

முப்பது வருஷம்ங்கிறதைப் பிடிச்சுக்கோங்க. அடுத்த விஷயம் அதுதான்.

எப்போ வரைக்கும்?

நம்ம லிஸ்ட்ல ரெண்டு காலம்தான் இருக்கு: ப்ரோ, கான். திருக்குறள்ல 'தெரிந்துசெயல்வகை'ன்னு ஒரு அதிகாரம், 47ஆவது. அதோட முதல் குறள் மூணு விஷயத்தைப் பாக்கச் சொல்லுது. ஒரு காரியத்துல இறங்கினா கையை விட்டுப் போறது என்ன, கைக்கு வர்றது என்ன, அப்படி வந்ததால பின்னாடி கிடைக்கப்போற ஆதாயம் என்ன. முதல் ரெண்டும் நம்ம கான், ப்ரோ. மூணாவது நம்ம எக்ஸெல் ஷீட்ல இல்லாத காலம். இன்னிக்கு எடுக்கிற முடிவோட விளைவுக்கும் ஒரு விளைவு உண்டே, அது.

புதுச்சேரியில அந்த மூணாவது காலத்துக்கு உயிருள்ள உதாரணம் இருக்கு. 1954 நவம்பர் 1ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தாலும், சட்டப்படி முழுசாக் கைமாறினது 1962 ஆகஸ்ட் 16. அந்த ஒப்பந்தப்படி இங்க பிறந்து இங்கயே குடியிருந்தவங்க இந்தியக் குடிமக்கள் ஆனாங்க. ஆனா பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கணும்னு விரும்புறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுத்து மூலமா தெரிவிக்கலாம். அப்பா எழுதிக் கொடுத்தா, கல்யாணம் ஆகாத சின்னப் பிள்ளைகளுக்கும் அதுவே.

யோசிச்சுப் பாருங்க. ஒரு தாள், ஆறு மாசம். ஒரு பக்கம் பிரெஞ்சு ராணுவத்துல வேலை பாத்தவங்களுக்கு அங்கத்திய தொடர்பு, பிள்ளைகளுக்கு பிரான்ஸ் போற வழி. இன்னொரு பக்கம் சொந்த ஊர்லயே வெளிநாட்டுக்காரரா இருக்கணும், ஓட்டு கிடையாது. சில ஆயிரம் பேர் பிரான்ஸ்னு எழுதிக் கொடுத்தாங்க. மத்தவங்க எழுதிக் கொடுக்கல, சில பேருக்கு விஷயமே சரியாப் போய்ச் சேரல. எழுதிக் கொடுக்காததும் ஒரு முடிவாவே ஆயிடுச்சு. இன்னிக்கும் பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தா புதுச்சேரியில வாக்குச்சாவடி திறக்குறாங்க. வரிசையில நிக்கிற பல பேருக்கு 1962ல பிறப்பே இல்ல. தாத்தா போட்ட கையெழுத்தோட மூணாவது காலம் அவங்க.

எது சரியான முடிவுன்னு சொல்ல எனக்குத் தகுதி இல்ல, யாருக்குமே இல்லன்னு நினைக்கிறேன். ஒரே தெருவுல ரெண்டு வீடு ரெண்டு விதமா எடை போட்டிருக்கும், ரெண்டுமே நியாயமா இருந்திருக்கும். நான் இங்க எடுத்துக்கிறது இவ்வளவுதான்: சாதக பாதகம்னு எழுதும்போது "எத்தனை நாளைக்கு"ன்னு பக்கத்துல குறிங்க. மூணு மாசத்துக்கு ப்ரோவா இருக்கிறது மூணு வருஷத்துல கானா மாறலாம். திரும்ப மாத்த முடியாததுக்கு எடை எப்பவுமே கூடுதல்.

அப்ப எப்படி எழுதுறது?

அந்த டேட்டாபேஸ் டாக்குமெண்டுக்கு வருவோம். நான் கீழ கமெண்ட்ல ஒரே ஒரு கேள்விதான் எழுதினேன்: "ரெண்டாவது கான் நடந்துச்சுன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எழுந்திருக்கணும், கஸ்டமருக்கு என்ன பதில் சொல்லுவோம்?" எழுதினவர் கெட்டிக்காரர். லிஸ்ட்டை அழிச்சிட்டு மறுபடி எழுதினார். ஏழு ப்ரோஸ் மூணா சுருங்குச்சு. முடிவு வாக்கியம் இப்படி மாறுச்சு, தமிழ்ல சொல்றேன்: "மாத்தினா டெவலப்பர்களுக்கு வேலை குறையும், ஆனா முதல் மூணு மாசம் தப்பு நடந்தா அதைச் சுமக்கப் போறது கஸ்டமர் சப்போர்ட். அதனால பழைய டேட்டாபேஸை மூணு மாசம் கூடவே ஓட்டுறோம். அந்த ஏற்பாட்டோட, சாதகங்கள் பாதகங்களை விட எடை கூடுதல்." ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு. அவ்வளவுதான் நஷ்டம்.

கடைசி வரியில இருக்கிறதுக்கு இங்கிலீஷ்ல அழகா ஒரு வினை இருக்கு: 'அவுட்வெய்'. "த ப்ரோஸ் அவுட்வெய் த கான்ஸ்." அதாவது எடையில மிஞ்சுது. 'ஆர் மோர் தன்'னு எழுதினா எண்ணிக்கையில மிஞ்சுது. ஒரு வார்த்தைதான் வித்தியாசம். ஆனா 'அவுட்வெய்'னு எழுத நினைக்கும்போதே மனசுக்குள்ள "எடை போட்டோமா?"ன்னு ஒரு கேள்வி வரும். வரணும்.

அதனால அடுத்த தடவை இந்தச் சொற்றொடரை எழுதும்போது, பின்னாடி நாலு விஷயம் இருக்கான்னு பாருங்க. எதோட சாதக பாதகம், அது 'ஆஃப்'க்கு அப்புறம். யாருக்கு, அது 'ஃபார்'க்கு அப்புறம். எத்தனை காலத்துக்கு. கடைசியா, எடை போட்ட பிறகு நீங்க எடுக்கிற முடிவு என்ன. முடிவே எழுதாம லிஸ்ட்டை மட்டும் மேனேஜர் கையில கொடுக்கிறது, தராசைக் கொடுத்துட்டு நீங்களே எடை போட்டுக்கோங்கன்னு சொல்ற மாதிரி. சில நேரம் அது தேவைப்படும். அப்பவும் "முடிவு உங்களோடது, என் சாய்வு இந்தப் பக்கம், காரணம் இது"ன்னு ஒரு வரி எழுதிடுங்க.

ஒரு மாதிரி மெயில் சொல்றேன். வீட்ல இருந்து வேலை பாக்குற ஒருத்தரை சென்னை ஆபீஸுக்கு வரச் சொல்றாங்க. அவர் "ஐ ஹேவ் வெய்டு த ப்ரோஸ் அண்ட் கான்ஸ்"னு ஒரே வரியில பதில் போட்டா, படிக்கிறவருக்கு எதுவும் தெரியாது. இப்படி எழுதினா? "சென்னைக்கு வர்றதுல டீமுக்கு ஆதாயம் இருக்கு, எனக்கும் கத்துக்க நிறைய இருக்கு. இந்த வருஷம் மட்டும், வீட்ல அம்மாவுக்குச் சிகிச்சை நடக்கிறதால, பாதகம் எடை கூடுதல். மார்ச்சுக்கு அப்புறம் அது மாறும். அதனால ஏப்ரல்ல இருந்து வர்றேன்." இதுல 'ப்ரோஸ் அண்ட் கான்ஸ்'ங்கிற வார்த்தையே இல்ல. ஆனா எடை போட்டது ஒவ்வொரு வரியிலயும் தெரியுது.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. நீங்க கடைசியா எழுதின ஏதாவது ஒரு ப்ரோஸ் அண்ட் கான்ஸ் லிஸ்ட்டை எடுங்க. வேலை மாறுறது, வண்டி வாங்குறது, வீடு மாத்துறது, எதுவா இருந்தாலும் சரி. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் 'யாருக்கு', 'எத்தனை நாளைக்கு'ன்னு ரெண்டே குறிப்பு எழுதுங்க. அப்புறம் சம எடை இருக்கிறதை ஜோடி ஜோடியா அடிங்க. மிச்சம் நிக்கிற ஒண்ணு ரெண்டு வரி எதுன்னு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. முடிவு என்னன்னு சொல்ல வேண்டாம், அது உங்க விஷயம்.

அடுத்த எபிசோட்ல 'ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்'. அந்த வார்த்தையை எழுதினா ஏன் எதிர்ல இருக்கிறவருக்குக் கோபம் வருதுன்னு பேசுவோம். அது வரைக்கும், பை மக்களே.